தடை ரயிலுக்குத்தான், நடைக்கு இல்லை: சுப்பிரமணிய சிவாவின் வாழ்க்கை



இந்தக் காலாண்டில் ஜூலை 23 வருகிறது. வீட்டில் தினசரி காலண்டர் மாட்டியிருப்பவர்கள் அன்றைய தாளைக் கிழிக்கும் முன் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சுப்பிரமணிய சிவா நினைவு நாள் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தாலும் போட்டிருக்கும்.

நம்மில் மூத்தவர்களுக்கு அவரைக் ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தின் மூலம் தெரியும். 1961-ல் வந்த அந்தப் படத்தில் சிவாஜி கணேசன் வ.உ.சி.யாக வர, டி.கே. சண்முகம் சிவாவாக நடித்தார். பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் வ.உ.சி., பாரதி, சிவா என்ற வரிசையில் மூன்றாவது பெயராகத் தெரியும். கூட்டத்தில் முழங்கினார், சிறைக்குப் போனார் என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

அவர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது வயது 28. இறந்தபோது 40. இடையில் இருந்த அந்தப் பன்னிரண்டு, பதின்மூன்று வருடங்களைப் பற்றித்தான் இந்த முறை எழுத நினைத்தேன். அந்தக் காலம் முழுவதும் அவர் தொழுநோயோடு வாழ்ந்தார். அப்போது அந்த நோய்க்குத் தீர்வு தரும் மருந்து கிடையாது. ஆனாலும் அவர் செய்த வேலைகளில் பெரும்பகுதி அந்த வருடங்களில்தான் நடந்தது.

வத்தலகுண்டிலிருந்து தூத்துக்குடி வரை

சிவா 1884 அக்டோபர் 4 அன்று வத்தலகுண்டில் பிறந்தார். அன்று அது மதுரை மாவட்டம், இன்று திண்டுக்கல் மாவட்டம். குடும்பத்தில் வறுமை. பிழைப்பும் படிப்பும் தேடித் திருவனந்தபுரம் போனார்கள். அங்கே ஊட்டுப்புரையில், அதாவது இலவச உணவுச் சாலையில், சாப்பிட்டுக்கொண்டு படித்தார். சின்ன வயதிலேயே கல்யாணம் ஆயிற்று. மனைவி பெயர் மீனாட்சி.

1906-ல் திருவனந்தபுரத்தில் கேட்ட ஓர் ஆரிய சமாஜச் சொற்பொழிவு அவரை நாட்டு விடுதலைப் பக்கம் திருப்பியது. இளைஞர்களைச் சேர்த்துத் தர்ம பரிபாலன சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கினார். பேச்சின் வேகம் தாங்காமல் திருவிதாங்கூர் சமஸ்தானம் அவரை வெளியேறச் சொல்லிவிட்டது. ஊர் ஊராகப் பேசிக்கொண்டே வந்தவர் 1908 தொடக்கத்தில் தூத்துக்குடி சேர்ந்தார். அங்கே வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். பழகிய கொஞ்ச நாளிலேயே இருவரும் ஒரே மேடையில் பேசும் இணைபிரியாத நண்பர்களானார்கள்.

அந்த பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் நூற்பாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டுத் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வ.உ.சி.யும் சிவாவும் நின்றார்கள். சில நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆனால் அரசாங்கம் விடவில்லை. மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள்.

ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். சிவாவுக்குப் பத்து ஆண்டு நாடு கடத்தல் தண்டனை. வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள். அந்த இரண்டில் ஒன்று எதற்காக என்பதைக் கவனியுங்கள். சிவாவுக்கு ஆதரவு கொடுத்த குற்றத்துக்காக! ஒரு மனிதருக்குத் துணை நின்றதற்கே ஆயுள் தண்டனை விதித்த காலம் அது. மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. திருச்சி, சேலம் சிறைகளில் இருந்தார்.

உடலோடு வந்த நோய்

1912 நவம்பர் 2 அன்று சிவா விடுதலையானார். உள்ளே போனவர் கணீரென்ற குரலும் திடமான உடலும் கொண்ட இருபத்துமூன்று வயது இளைஞர். வெளியே வந்தவரின் உடலில் தொழுநோய் இருந்தது.

சிறையில்தான் அது தொற்றியது என்று பொதுவாகச் சொல்வார்கள். மருத்துவ ரீதியில் அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. தொழுநோய்க் கிருமி உடலுக்குள் வந்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து வருடம் ஆகும். சிலருக்கு இருபது வருடம்கூட ஆகலாம். கிருமி எங்கே ஒட்டிக்கொண்டிருந்தாலும், சிறையின் கடும் வேலையும் மோசமான சாப்பாடும் அந்த உடம்புக்கு நல்லது செய்திருக்காது.

இந்த நோய் பெற்றோர் செய்த பாவத்தாலோ பூர்வ ஜன்ம வினையாலோ வருவதில்லை. கிருமியால் வருகிறது என்று நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-லேயே கண்டுபிடித்திருந்தார். சிவா பிறப்பதற்குப் பதினோரு வருடம் முன்பே! ஆனால் கண்டுபிடிப்பு மருத்துவப் புத்தகத்தில் இருந்தது. ஊர் மக்கள் மனதில் பாவம், சாபம் என்பதுதான் இருந்தது. சட்டமும் பயத்தின் பக்கமே நின்றது. 1898-ல் வந்த தொழுநோயாளர் சட்டம், வசதியில்லாத நோயாளிகளைப் பிடித்துக் கொண்டுபோய்த் தனி விடுதிகளில் அடைக்க வழி செய்தது. மருந்து என்று இருந்தது பெரும்பாலும் நீரடிமுத்து எண்ணெய் போன்றவைதான். அது சிலருக்குக் கொஞ்சம் நிவாரணம் தந்தது, நோயைத் தீர்க்கவில்லை.

அந்த நிலையில் ஒருவர் வீட்டுக்குள் முடங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நாலு வருடச் சிறைவாசம் போதாதா என்று ஒதுங்கியிருந்தாலும் நியாயம்தான். சிவா என்ன செய்தார்?

பத்திரிகை ஆரம்பித்தார்.

நோயோடு நடந்த பத்திரிகை

விடுதலையாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1913-ல் சென்னையில் ‘ஞானபாநு’ என்ற மாத இதழ் வெளிவந்தது. பேச்சு மேடை அவருக்கு ஆபத்தாகியிருந்தது. உடம்பு அலைச்சலுக்கு இடம் கொடுக்கவில்லை. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்து செய்யக்கூடிய வேலையை எடுத்துக்கொண்டார். இதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறேன். நோய் வந்துவிட்டது என்று நோக்கத்தை விடவில்லை. உடம்பு எதைச் செய்ய முடியுமோ அதற்கு ஏற்ப வழியை மட்டும் மாற்றிக்கொண்டார்.

அந்த இதழில் எழுதியவர்கள் யார் தெரியுமா? புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார் எழுதினார். அவருடைய ‘சின்னச் சங்கரன் கதை’ ஞானபாநுவில்தான் வந்தது. சிறையிலிருந்து வந்த வ.உ.சி.யும் எழுதினார். அரசாங்கத்தின் சந்தேகப் பட்டியலில் இருந்த எழுத்தாளர்களுக்கு ஒரு தொழுநோயாளி நடத்திய சின்னப் பத்திரிகை இடம் கொடுத்தது. வடமொழி கலக்காத தனித்தமிழில் எழுதுவோருக்கு ஐந்து ரூபாய் பரிசு என்று 1915-ல் ஞானபாநு அறிவித்ததையும் தனித்தமிழ் இயக்க வரலாற்றை எழுதுபவர்கள் விடாமல் குறிப்பிடுவார்கள்.

அந்த 1915-ஆம் வருடத்தில்தான் மனைவி மீனாட்சி இறந்தார். சிறைக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்தவர், நோயோடு வந்த கணவனோடு வாழ்ந்தவர். சிவாவின் வாழ்க்கையை வீரக் கதையாகச் சொல்லும்போது இந்த அம்மாவுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் கதை எப்போதுமே அப்படித்தான்.

பணமில்லாமல் ஞானபாநு நின்றது. சிவா ‘பிரபஞ்சமித்திரன்’ தொடங்கினார். பிறகு ‘இந்திய தேசாந்திரி’. நடுநடுவே புத்தகங்கள்: இராமானுஜ விஜயம், சங்கர விஜயம், நாவல், நாடகம், வேதாந்த நூல்கள் என்று எழுதித் தள்ளினார். தொழிலாளர் கூட்டங்களிலும் போய்ப் பேசினார். ஒன்று மூடினால் இன்னொன்று. மனம் தளராமல் இருப்பது என்றால் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொள்வது என்று நாம் நினைக்கிறோம். சிவாவைப் பார்த்தால் அது வேறு மாதிரி தெரிகிறது. நாளைக்குச் செய்ய ஒரு வேலை இருக்க வேண்டும், அவ்வளவுதான். நோய் அவர் உடம்பில் இருந்தது. அன்றாட வேலைப் பட்டியலில் அதற்கு முதல் இடம் கொடுக்கவில்லை.

ரயிலில் ஏறக் கூடாது

1921-ல் காவி உடுத்தித் துறவியானார். சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பெயரிலேயே சுதந்திரம்! துறவியான பிறகும் அரசாங்கம் விடவில்லை. அதே வருடம் ராஜதுரோக வழக்கில் மறுபடி இரண்டரை ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். முழுக் காலம் முடியும் முன்பே வெளியே வந்தார். நோய் அப்போது முற்றியிருந்தது.

பிறகுதான் அந்தத் தடை. தொழுநோயாளி என்று சொல்லி, அவர் ரயிலில் பயணம் செய்யக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். காரணமாகச் சொன்னது நோய். ஆனால் ஊர் ஊராகப் போய்ப் பேசுவதே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவரை ஒரே இடத்தில் கட்டிப்போட அதைவிட வசதியான உத்தரவு வேறு கிடையாது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அன்று பஸ் வசதி பெரிதாக இல்லை. ரயில் இல்லையென்றால் மாட்டுவண்டி. வண்டி கிடைக்காவிட்டால் நடை. இன்று தர்மபுரியிலிருந்து மதுரைக்குக் காரில் போனால் ஐந்து மணி நேரம் ஆகும். அந்தத் தூரங்களைத்தான் அவர் வண்டியிலும் நடந்தும் கடந்தார்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. தொழுநோய் முக்கியமாகத் தாக்குவது தோலையும் நரம்பையும். நரம்பு கெட்டால் கை, கால் மரத்துப்போகும். முள் குத்தினாலும் கல் கிழித்தாலும் வலி தெரியாது. வலி தெரியாததால் ஓய்வு கொடுக்க மாட்டார்கள். சின்னக் காயம் ஆறாத புண்ணாகிவிடும். அதனால் இந்த நோய் உள்ளவர்கள் பாதத்தை மிகவும் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்றுதான் இன்றைய மருத்துவர்கள் முதலில் சொல்வார்கள். அப்படிப்பட்ட நோயாளியைத்தான் வண்டியிலிருந்து இறக்கி நடக்க விட்டார்கள்.

நோய் கொடுத்தது பாதி கஷ்டம். மீதி மனிதர்கள் கொடுத்தது.

சிவா உத்தரவை எதிர்த்துப் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை, நடந்தார். அவருடைய மன உறுதியைப் பாராட்ட வேண்டும்தான். ஆனால் பாராட்டிவிட்டு, அவரை நடக்கவைத்தவர்களை மறந்துவிடக் கூடாது. ஒருவரின் மன உறுதி நமக்கு வியப்பாகத் தெரிகிறது என்றால், அவர் முன்னால் யாரோ ஒரு கதவைச் சாத்தியிருக்கிறார்கள் என்று பல நேரம் அர்த்தம்.

பாப்பாரப்பட்டியில் திறந்த கதவு

எல்லோரும் சாத்தவில்லை. தர்மபுரி பக்கம் பாப்பாரப்பட்டி என்ற ஊரில் சின்னமுத்து முதலியார் என்ற நண்பரும் இன்னும் சிலரும் அவரை ஏற்றுக்கொண்டார்கள். ஊரே விலகி நின்ற ஒரு நோயாளியோடு பழகுவதற்கு அன்று எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நண்பர்களின் உதவியோடு சிவா அங்கே ஆறு ஏக்கர் நிலம் வாங்கி, அதற்குப் பாரதபுரம் என்று பெயரிட்டு, பாரதாசிரமத்தை அமைத்தார்.

அங்கே பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்பது அவருடைய கடைசிக் கனவு. சாதி, மத வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் உள்ளே வரக்கூடிய கோயிலாக அது இருக்க வேண்டும் என்று விரும்பினார். ரயில் பெட்டிக்குள் நுழைய முடியாத மனிதர் யாரையும் வெளியே நிறுத்தாத ஒரு கட்டடத்தைக் கற்பனை செய்தார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. 1923 ஜூன் 23 அன்று தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். காங்கிரஸ் தலைவராக இருந்தவர், நாடறிந்த வழக்கறிஞர். அவரைத் தர்மபுரிச் சீமையின் ஒரு கிராமத்துக்கு வரவழைக்கும் அளவுக்குச் சிவாவின் பெயருக்கு மதிப்பு இருந்தது.

அதற்குப் பிறகு நிதி திரட்டும் அலைச்சல். உடல் முழுக்கப் புண்களோடு ஊர் ஊராகப் போனார். கோயில் எழும்பவில்லை. 1925 ஜூன் 16 அன்று சித்தரஞ்சன் தாஸ் காலமானார். ஐந்து வாரம் கழித்து, ஜூலை 23 வியாழக்கிழமை, பாப்பாரப்பட்டியில் சிவாவும் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தோராவது பிறந்த நாளுக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது.

கனவு அவர் காலத்தில் நிறைவேறவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. நம்பிக்கையோடு இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று சொல்ல அவருடைய வாழ்க்கை உதவாது. நடக்காவிட்டாலும் கடைசி வரை வேலையை விடாமல் செய்ய முடியும் என்று சொல்லத்தான் உதவும். இன்று பாப்பாரப்பட்டியில் அவருக்கு மணிமண்டபமும், அவர் ஆசைப்பட்ட இடத்தில் பாரத மாதா நினைவாலயமும் இருக்கின்றன. தர்மபுரி மாவட்டத்துக் கூட்டுறவு சர்க்கரை ஆலை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒகேனக்கல் போகிறவர்கள் வழியில் கொஞ்சம் ஒதுங்கிப் பாப்பாரப்பட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

இன்று நிலைமை என்ன?

சிவாவுக்குக் கிடைக்காதது இன்று நமக்குக் கிடைக்கிறது. 1940-களில் சல்போன் வகை மருந்துகள் வந்தன. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டால் நோய் முழுதாகக் குணமாகும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். சிகிச்சை தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே மற்றவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு இல்லாமல் போகிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே உண்டு.

நோய் ஒழிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் இன்னும் வருடத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்படுகிறது. தோலில் நிறம் வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றால் தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் பார்த்தால் ஊனம் வராமலே தடுக்கலாம். நம் வீட்டில் வேலைக்கு வருபவர்கள், காவலாளிகள், கட்டட வேலைக்காரர்கள் ஆகியோருக்கும் இதைச் சொல்லுங்கள். வேலை போய்விடும் என்று பயந்து மறைப்பதால்தான் பலருக்கு நோய் முற்றுகிறது. போகாது என்ற உறுதியை நாம் கொடுக்கலாம்.

சட்டம் மெதுவாகத்தான் மாறியது. 1898-ஆம் வருடச் சட்டம் நீக்கப்பட்டது 2016-ல். தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்ற பிரிவு எடுக்கப்பட்டது 2019-ல்! மருந்து வந்து எத்தனையோ வருடம் கழித்துத்தான் சட்டம் அந்தப் பயத்தை விட்டது. நாமும் பழைய வசைச் சொற்களை விட்டுவிடலாம். தொழுநோய் என்று சொன்னாலே போதும்.

நம் லிஃப்டில்

இது தொழுநோய்க்கு மட்டும் பொருந்தும் விஷயம் இல்லை. வெண்புள்ளி, சொரியாசிஸ், தீக்காயத் தழும்பு, புற்றுநோய் அறுவைக்குப் பின் மாறிய முகம் என்று வெளியே தெரியும் மாற்றத்தோடு வாழ்பவர்கள் எல்லாக் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். இதில் முதல் மூன்றும் சரி, நான்காவதும் சரி, தொட்டால் ஒட்டுவது ஒன்றுகூடக் கிடையாது. அவர்களில் பலர் காலையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து நடைப்பயிற்சிக்கு வருவார்கள். யாராவது லிஃப்டில் இருந்தால் அடுத்ததில் வருகிறேன் என்று நின்றுவிடுவார்கள்.

அவர்களுக்கு அறிவுரையோ ஊக்கமூட்டும் வாட்ஸ்அப் செய்தியோ தேவையில்லை. தைரியம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் செய்யக்கூடியது ரொம்பச் சின்னது. லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரச் சொல்லலாம். குழந்தை உற்றுப் பார்த்துக் கேள்வி கேட்டால் இழுத்துக்கொண்டு ஓடாமல், அது ஒட்டாது என்று சாதாரணமாகச் சொல்லலாம். பொங்கல் விழாக் குழுவில் ஒரு பொறுப்பைக் கொடுக்கலாம். நோயைப் பற்றி விசாரிப்பதைவிட, தண்ணீர் லாரி வந்ததா என்று கேட்பதில் அதிக மரியாதை இருக்கிறது.

ஒருவருக்கு ஆதரவு கொடுத்ததற்காக வ.உ.சி. ஆயுள் தண்டனை வாங்கினார். ஊர் பயந்த நோயாளியைப் பாப்பாரப்பட்டி நண்பர்கள் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். நம்மிடம் கேட்கப்படுவது லிஃப்டில் ஓர் ஆள் நிற்கும் இடம்.

ஜூலை 23 அன்று சிவாவை நினைத்துக்கொள்வோம். அடுத்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அக்டோபர் 4, அவருடைய பிறந்த நாள் வந்திருக்கும். அதற்குள் நம் குடியிருப்பில் யாரும் அடுத்த லிஃப்டுக்காகக் காத்து நிற்காமல் பார்த்துக்கொள்வோம்.